அணு என்னும் சொல்லும் அணுவாற்றலின் இயல்பும்

அணுவாற்றலின் பொருளையும் இயல்பையும் விளக்க மொழியியலாளன் ஒருவனை அழைத்தது பொருத்தமா என்று சிலர் எண்ணக்கூடும். இயற்பியலார் செய்யவேண்டிய பணியை நான் மேற்கொள்ளப் போவதில்லை. எனினும், இப்பொருளில் மக்கள் கொள்ளும் அச்சமும் வியப்பும் பெரும்பாலும் சொற்களின் வழியாகவே அவர்களை அடைகின்றன. அணுசக்தி, அணுமின், அணு உலை, அணுகுண்டு, கதிர்வீச்சு என்னும் சொற்களை நாம் நாள்தோறும் ஆள்கிறோம். இவற்றுள் ஒவ்வொன்றும் எப்போது, எங்கிருந்து, எத்தகைய பொருட்சுமையோடு வந்தது என்பதைப் பார்த்தால், அவை சுட்டும் பொருளின் இயல்பும் ஓரளவு தெளிவுறும்.

அணு என்னும் சொல் வடமொழியிலும் தமிழிலும் தொன்மையானது. அதன் பிறப்புப் பற்றிய வழக்கை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குத் தனிப்பொழிவு ஒன்று வேண்டும். வடமொழியின் பழைய வழக்கில் அணு என்பது நுண்ணியது என்னும் பொருளோடு, மிகச் சிறிய தினைவகைத் தானியம் ஒன்றையும் குறித்தது. கண்ணால் காணக்கூடிய சிறுமணி ஒன்றின் பெயர், காணவியலாத நுண்பொருளுக்கு ஏறியது போலும். சொற்கள் பெரும்பாலும் இப்படித்தான் வளர்கின்றன. தெரிந்ததன் பெயரைத் தெரியாததற்கு இடுகிறோம்.

தமிழில் அணுக்கொள்கையை விரித்துரைக்கும் பழைய இடங்களுள் மணிமேகலையின் 27ஆம் காதை குறிப்பிடத்தக்கது. பல சமயத்தாரும் தத்தம் கொள்கையை மணிமேகலைக்கு எடுத்துரைக்கும் அப்பகுதியில், ஆசீவகர் ஒருவர் நிலம், நீர், தீ, காற்று என்னும் நால்வகை அணுக்களோடு உயிரையும் சேர்த்து ஐந்து பொருள் கூறுகிறார். அவ்வணுக்களுக்குத் தொடக்கம் இல்லை. அவை சிதைவதும் இல்லை. ஒன்று மற்றொன்றினுள் புகுவதும் இல்லை. கூடுதலும் பிரிதலும் மட்டுமே அவற்றின் தொழில். வைசேடிகரின் கொள்கை இதனின்று பல கூறுகளில் வேறுபட்டதாயினும், பரமாணு அழியாதது, பகுக்கவியலாதது என்பதில் அவர்களும் உடன்படுவர். கிரேக்கத்தில் தெமாக்ரித்தசு முதலானோர் ஆண்ட அதோமோசு என்னும் சொல்லுக்கும் வெட்டவியலாதது என்பதே நேர்ப்பொருள்.

சைவ சித்தாந்தத்தில் இச்சொல் வேறொரு வழியில் சென்றது. அங்கே அணு என்பது உயிரைக் குறிக்கும். உயிர் இயல்பில் வியாபகமானது; அதனை அணுத்தன்மைப்படுத்திச் சிறுமையுறச் செய்யும் மலமே ஆணவம். அணு என்பதன் அடியாகவே ஆணவம் என்னும் சொல் பிறந்தது. இன்று ஆணவக்காரன் என்று ஒருவரை ஏசுகிறபோது அவர் தம்மைப் பெரிதாக எண்ணிக்கொள்கிறார் என்கிறோம். சொல்லின் வேரோ அவர் சிறுத்துப் போனார் என்கிறது.

அளவையிலும் அணுவுக்கு இடமிருந்தது. பழைய நீட்டலளவை வாய்பாடுகள் அணுவில் தொடங்கி எட்டெட்டாகப் பெருகித் துகள், மயிர்நுனி, நுண்மணல், கடுகு, எள், நெல் எனப் படியேறி விரலை அடைகின்றன. பெயர்களும் படிகளின் எண்ணிக்கையும் நூலுக்கு நூல் சற்று வேறுபடும். எட்டுப் படிகள் கொண்ட வாய்பாட்டை எடுத்துக்கொண்டால், ஒரு விரலுக்கு ஏறத்தாழ 1 கோடியே 68 இலட்சம் அணுக்கள் வரும். விரலின் அகலம் 2 செண்டிமீட்டர் என்று வைத்தால், ஓரணுவின் அளவு ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கைச் சற்றே கடக்கிறது. இன்றைய அறிவியல் காட்டும் நீரிய அணுவைப்போல் இது ஏறத்தாழ பத்து மடங்கு. மேடைப் பேச்சாளர் கையில் இக்கணக்குக் கிடைத்தால் என்ன ஆகும் என்பதை நீங்கள் அறிவீர்கள். எட்டால் பெருக்கிக்கொண்டே போனால் எங்கேனும் ஓரிடத்தில் உண்மை அளவை நெருங்கத்தான் செய்வோம். அளந்து கண்டது வேறு, கற்பித்துப் பெருக்கியது வேறு.

இதனோடு சேர்த்து ஒன்றைச் சொல்லவேண்டும். திருக்குறளின் செறிவைப் புகழும் இரு பழம்பாடல்கள் எல்லார்க்கும் தெரிந்தவை. இடைக்காடர் பெயரில் வழங்குவது கடுகைத் துளைப்பதாகப் பேசுகிறது. ஔவையார் பெயரில் வழங்குவது கடுகினும் நுண்ணிய அணுவைத் துளைப்பதாகப் பேசுகிறது. பின்னதைக் காட்டி, அணுவைப் பிளக்கும் அறிவு நம் முன்னோர்க்கு இருந்தது என்று வகுப்பறைகளிலும் பட்டிமன்றங்களிலும் கூறுகிறார்கள். இப்புகழ்ச்சி அப்பாடலுக்கே இழுக்கு. துளைக்கவே முடியாத ஒன்றைத் துளைத்து, அதனுள் கடலையே புகுத்தியதுபோல் என்று கூறும்போதுதான் அந்த உயர்வுநவிற்சிக்கு அழகு. அணு பிளவுபடும் என்று பாடியவர் அறிந்திருந்தால் உவமையில் வியப்பு ஏது? பகுக்கவியலாதது என்னும் பழங்கருத்தை ஒட்டியே அப்பாடல் நிற்கிறது. புதிய அறிவியல் தொடங்குவதோ அக்கருத்தைக் கைவிட்ட இடத்தில்.

அந்த இடத்துக்கு வருவோம். 1808இல் ஆங்கிலேய அறிஞர் டால்ட்டன் தம் வேதியியல் கொள்கையை வெளியிட்டபோது, கிரேக்கரின் பழஞ்சொல்லையே எடுத்துக்கொண்டார். அவரது அணுவும் பிளவுபடாதது. 1896இல் பெக்கெரல் யுரேனிய உப்பிலிருந்து தாமே வெளிப்படும் கதிர்களைக் கண்டார். 1897இல் தாம்சன் அணுவினும் சிறிய மின்னணுவைக் கண்டார். 1898இல் மேரி கியூரியும் பியர் கியூரியும் பொலோனியத்தையும் ரேடியத்தையும் அறிவித்தனர்; தோரியமும் கதிர் வீசுவது அதே ஆண்டில் தெரியவந்தது. 1911இல் ரதர்போர்டு, அணுவின் நடுவே அதன் நிறை ஏறத்தாழ முழுவதும் மிகச் சிறிய ஓரிடத்தில் திரண்டிருப்பதைக் காட்டினார். பதினைந்தே ஆண்டுகளில் வெட்டவியலாதது என்னும் பெயர் பொய்த்துப் போயிற்று. பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை.

ரதர்போர்டு கண்ட அந்த நடுப்பகுதிக்கு ஐரோப்பிய மொழிகள் இலத்தீனில் கொட்டைப்பருப்பு என்று பொருள்படும் நியூக்ளியசு என்னும் சொல்லை இட்டன. தமிழர் கரு என்றனர். இரண்டும் உள்ளிருப்பதையே சுட்டுகின்றன. ஆனால் பருப்பு உறங்குவது, கரு வளர்வது. கருவுறுதல், கருக்கலைதல், கதைக்கரு என நம் மனத்தில் விரியும் பொருள்கள் அணுக்கரு என்னும் சொல்லோடும் ஒட்டிக்கொள்கின்றன. கலைச்சொல்லாக்கத்தில் இது நல்ல சொல் என்பது என் மதிப்பீடு. அளவை மட்டும் மாணவர்க்குத் தனியே சொல்லித் தரவேண்டும். அணுக்கருவை ஒரு கடுகாக எண்ணினால், அணு நம் பள்ளித் திடலினும் அகன்றது. இடைப்பட்ட வெளியில் மின்னணுக்கள் உலவுகின்றன.

அணுவாற்றலின் பொருளை இங்கிருந்துதான் விளக்கவேண்டும். விறகு எரிவதும், எண்ணெய் எரிவதும், நாம் உண்ட சோறு உடலில் வலிவாவதும் அணுக்களின் வினைகளே. அவற்றில் வெளிப்புறத்து மின்னணுக்களின் பிணைப்பு மாறுகிறது. அம்மாற்றத்தில் வெளிப்படும் ஆற்றலே வெப்பமாகவும் உழைப்பாகவும் வருகிறது. நேர்ப்பொருளில் பார்த்தால் அடுப்பெரிவதும் அணுவின் ஆற்றல்தான். நாம் அணுசக்தி என்று பெயரிட்டு அழைப்பதோ கருவைப் பற்றியது. கருவினுள் நேர்மின் துகள்களும் மின்னற்ற துகள்களும் பெருவிசையால் பிணைக்கப்பட்டுள்ளன. கனமான கரு ஒன்று இரண்டாகப் பிளந்தால், பிளவுற்ற துண்டுகளின் மொத்த நிறை முன்பிருந்ததைவிடச் சற்றுக் குறைகிறது. குறைந்த நிறை, ஐன்சுடைன் 1905இல் காட்டிய தொடர்பின்படி ஆற்றலாக வெளிப்படுகிறது. 1 கிராம் யுரேனியம்-235 முழுதும் பிளவுற்றால் வரும் வெப்பம், ஏறத்தாழ மூன்று டன் நிலக்கரியை எரித்தால் வருவதற்குச் சமம். ஆகவே அணுக்கருவாற்றல் என்பதே துல்லியமான பெயர். அணுவாற்றல், அணுசக்தி என்பன வழக்கு கருதி நாம் பொறுத்துக்கொள்ளும் சுருக்கங்கள்.

பிளவு என்னும் சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1938 திசம்பரில் பெர்லினில் ஓட்டோ ஆனும் சுட்ராசுமனும் யுரேனியத்தை மின்னற்ற துகள்களால் தாக்கியபோது பேரியம் தோன்றியதைக் கண்டு திகைத்தனர். அவ்வேளையில் நாசிகளிடமிருந்து தப்பிச் சுவீடனில் வாழ்ந்த லீசு மைட்னரும் அவர் உடன்பிறந்தாள் மகன் பிரிசும் அதன் பொருளை விளக்கினர். கரு இரண்டாகப் பிரிவதை எப்படி அழைப்பது? உயிரணு இரண்டாகப் பகுபடுவதற்கு உயிரியலார் என்ன பெயர் சொல்வார்கள் என்று பிரிசு ஒருவரிடம் கேட்டு, அப்பெயரையே எடுத்துக்கொண்டார். உயிர் பெருகுவதைக் குறித்த சொல், ஆறே ஆண்டுகளில் ஒரு நகரம் அழிந்ததை விளக்கப் பயன்படலாயிற்று.

அணுகுண்டு என்னும் கருத்தும் சொல்லும் பொருளுக்கு முன்னரே பிறந்துவிட்டன. ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்சு 1914இல் வெளிவந்த தம் புதினத்திலேயே அச்சொல்லை ஆண்டார். நம் வழக்கில் அது வேரூன்றியது 1945 ஆகஸ்டுக்குப் பின்னர். மலாயாவில் அப்போது ஜப்பானியர் ஆட்சி. தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழருள் பல்லாயிரவர் திரும்பவில்லை. ஆகஸ்டு 6இல் இரோசிமாவும் 9இல் நாகசாகியும் அழிந்தன. 15ஆம் நாள் சரணடைவு அறிவிக்கப்பட்டது. செப்டம்பர் தொடக்கத்தில் பிரிட்டிசுப் படை பினாங்கில் இறங்கியது. எனவே இந்நாட்டு மூத்த தலைமுறையின் காதில் அணுகுண்டு என்னும் சொல் இரட்டைப் பொருளோடு ஒலித்தது. கொடுமையிலிருந்து விடுதலை தந்ததும் அது, கொடுமையின் உச்சமும் அது. பாடநூல்கள் இரண்டாவதை மட்டும் சொல்கின்றன. இங்கே வரலாறு கற்பிப்போர் முதலாவதையும் சொல்லவேண்டியிருக்கிறது. சொன்ன பிறகும் கணக்கு நேராவதில்லை.

இலக்கண ஆசிரியர்களுக்காக ஓர் இடைக்குறிப்பு. அணுக்கரு என்பதில் வல்லினம் மிகுகிறது, அணுசக்தியில் மிகுவதில்லை, அணுகுண்டிலும் மிகுவதில்லை. சக்தி வடசொல்லாதலின் தொடரும் வடமொழித் தொகைபோல் இயல்பாய் நின்றது எனலாம். குண்டு நம் சொல்லாயிற்றே, அங்கு ஏன் மிகவில்லை? அச்சொல் புலவர் அவையில் பிறக்கவில்லை. செய்தித்தாளிலும் தெருவிலும் விரைவில் பரவியது. குகரத்தை மெலித்தொலித்தே மக்கள் வழங்கினர். அவ்வொலிப்பே எழுத்திலும் நின்றது. அணுக்கருவோ கலைச்சொல்லாக்கக் குழுவினர் வகுத்த சொல்லின் முறுக்கோடு நிற்கிறது. மாணவர் கட்டுரையில் அணுக்குண்டு என்று எழுதினால் நான் அடிக்கமாட்டேன். அணுகுண்டு என்று எழுதினாலும் அடிக்கமாட்டேன்.

சக்தி, ஆற்றல் என்னும் இரண்டில் எதைக் கொள்வது என்பது அதனினும் முதன்மையான வினா. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் விசை, ஆற்றல், திறன் என மூன்றையும் பகுத்துக்கொண்டன. இலங்கையில் விசை, சக்தி, வலு என்பது மரபு. நம் நாட்டுத் தமிழ்ப்பள்ளிகளில் சக்தி என்னும் சொல்லே மாணவர்க்குப் பழக்கம். மூன்று மரபும் தத்தம் அளவில் ஒழுங்குடையவையே. ஆனால் நம் மாணவர் மலாயும் பயில்வோர். மலாயில் இயற்பியலின் சொல் தெனாகா. சக்தி என்னும் நம் சொல் அங்கும் உண்டு, மந்திர வலிமை என்னும் பொருளில். கெரிஸ் சக்தி என்றால் மாயவலிமை வாய்ந்த குத்துவாள். தமிழிலும் சக்தி என்பது தெய்வத்தின் பெயர். ஆகவே அணுசக்தி என்னும்போது, அளவிட்டுக் கணக்கிடத்தக்க ஓர் இயற்பியல் அளவு என்னும் எண்ணத்தைவிட, வணங்கவோ அஞ்சவோ வேண்டிய ஒன்று என்னும் எண்ணமே முந்திக்கொண்டு நிற்கிறது. என் பரிந்துரை அணுவாற்றல். வழக்கில் வேரோடிய சொல்லைப் பிடுங்கி எறியச் சொல்லவில்லை. வகுப்பில் விளக்கும்போதாவது ஆற்றல் என்னும் உணர்ச்சிச் சுமையற்ற சொல்லைக் கையாளலாம். மலாய்ப் பேச்சில் அனு என்பது, பெயர் நினைவுக்கு வராத பொருளை இன்னது என்று சொல்லத் தடுமாறும்போது வரும் சொல். நம் அணுவுக்கும் அதற்கும் உறவில்லை. ஆனாலும் வகுப்பில் சிரிப்பு எழாமல் இராது.

உலை என்னும் சொல்லை நான் மிகவும் விரும்புகிறேன். கொல்லன் உலை ஒருபுறம். சோறாக்க நீரைக் கொதிக்க வைக்கும் உலை மறுபுறம். அணு உலை என்று முதலில் பெயரிட்டவர் கொல்லன் உலையையே நினைத்திருக்கக்கூடும். ஆனால் அணு உலையில் எதுவும் எரிவதில்லை. காற்றும் தேவையில்லை, புகையும் இல்லை. கரு பிளக்கும்போது வெளிப்படும் மின்னற்ற துகள்கள் அடுத்த கருக்களைப் பிளக்கின்றன. இத்தொடர்வினையைக் கட்டுப்படுத்தும் கோல்கள் உள்ளே இறங்கியும் ஏறியும் நிற்கின்றன. வரும் வெப்பம் நீரைக் கொதிக்க வைக்கிறது, அல்லது நீரைச் சூடேற்றி வேறோர் இடத்தில் நீராவி உண்டாக்குகிறது. நீராவி சுழலியை ஓட்டுகிறது. இத்தனை பெரிய அறிவியலின் முடிவில் நடப்பது உலைநீர் கொதிப்பதுதான். பெண்கள் நாள்தோறும் வைத்த உலையே பொருத்தமான உவமை.

தமிழ்நாட்டில் இச்சொற்கள் ஓர் அரசியல் வரலாற்றையும் சுமக்கின்றன. திருவிதாங்கூர்க் கடற்கரை மணலில் தோரியம் அடங்கிய மோனசைட்டு இருப்பதைச் செருமானிய வேதியியலார் சாம்பர்க்கு 1909இல் கண்டார். ஏற்றுமதியான கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலே அவருக்குத் துப்புத் தந்தது. இன்று குமரி மாவட்டத்தில் உள்ள மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் தொழில் அவ்வாறு தொடங்கியது. அப்போது தோரியம் வேண்டப்பட்டது விளக்குகளின் ஒளிவலைக்கு. 1948இல் இந்தியா அணுவாற்றல் ஆணையத்தை அமைத்தபோது, அதே மணல் எதிர்கால எரிபொருளாக மதிக்கப்பட்டது. 1983இல் கல்பாக்கத்தின் முதல் மின் உலை தொடர்வினை நிலையை எய்தியது. கூடங்குளத்துக்கான உடன்பாடு சோவியத்து ஒன்றியத்தோடு 1988இல் கையெழுத்தாயிற்று. முதல் உலை இயங்கத் தொடங்கியது 2013இல்.

இடைப்பட்ட 2011 மார்ச்சில் புக்குசிமா விபத்து நேர்ந்தது. அவ்வாண்டே இடிந்தகரையில் மீனவர் போராட்டம் பெருகியது. அக்காலத் தமிழ்ச் செய்தித்தாள்களைப் புரட்டும்போது ஒரு பிளவு புலப்படும். அரசும் ஆதரிப்போரும் பெரும்பாலும் அணுமின் நிலையம் என்றனர். எதிர்த்தோர் அணு உலை என்றனர். முன்னதில் மின் இருக்கிறது. வீட்டு விளக்கு எரிகிறது. பின்னதில் உலை இருக்கிறது, நெருப்பு எரிகிறது. சுட்டப்படும் கட்டடம் ஒன்றே. இந்திய உச்ச நீதிமன்றம் 2013 மே மாதத்தில் நிலையத்துக்கு இசைவளித்தது; சொற்போர் அதனோடு ஓயவில்லை.

நம் நாட்டுக்குத் திரும்புவோம். சிலாங்கூரின் பாங்கியில் 1982 சூன் 28இல் ஒரு சிறிய ஆய்வு உலை இயங்கத் தொடங்கியது. அதன் வெப்பத்திறன் 1 மெகாவாட். நாள் முழுதும் அது முழுத்திறனில் இயங்கினாலும் பிளவுறும் யுரேனியம் ஏறத்தாழ 1 கிராம்தான். மின்னாக்கத்துக்காக அமைந்ததன்று, ஆய்வுக்கும் பயிற்சிக்கும் மருத்துவத்துக்கு வேண்டிய ஓரிடத்தனிமங்களை ஆக்குவதற்கும் உரியது. அதனை நடத்தும் நிறுவனத்தின் பெயர் மாறிவந்த வழி நம் கவனத்துக்குரியது. தொடக்கத்தில் துன் இஸ்மாயில் அணு ஆராய்ச்சி நிலையம். மலாயில் அத்தோம் என்னும் சொல்லோடு புஸ்பாத்தி எனச் சுருங்கி வழங்கியது. 1983இல் அது தெனாகா நுக்ளியார் பிரிவாயிற்று. 2006 முதல் மலேசிய நுக்ளியார் நிறுவனம். அத்தோம் போய் நுக்ளியார் வந்தது. ஆனால் கட்டுப்பாட்டுச் சட்டமோ இன்றும் 1984ஆம் ஆண்டு அத்தோம் ஆற்றல் உரிமச் சட்டம்தான். ஒரே துறையில் இரு சொல்லும் அருகருகே வாழ்கின்றன. தமிழில் பெயர்க்கும் செய்தியாளர் இரண்டையும் அணுசக்தி என்றே எழுதிக் கடக்கின்றனர்.

மருத்துவமனைகளில் இது நேர்மாறாக நடந்தது. காந்தப்புலத்தால் உடலின் உட்படம் எடுக்கும் முறைக்கு அறிவியலில் அணுக்கருக் காந்த ஒத்திசைவு என்பதே மூலப்பெயர். நோயாளிகள் அஞ்சுவர் என்று கருதி அணுக்கரு என்னும் முற்பகுதியைக் கைவிட்டனர். அப்படத்தில் கதிரியக்கமே இல்லை. கதிரியக்கப் பொருளைச் செலுத்திச் செய்யும் மருத்துவமோ அணுக்கரு மருத்துவம் என்னும் பெயரோடே வழங்கி வருகிறது. அஞ்சத் தேவையில்லாததற்குப் பெயர் மாறியது.

மலேசியரை நேரடியாகத் தீண்டிய அணுவரலாறு எந்த மின்நிலையத்திலும் நிகழவில்லை. ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவில் நிகழ்ந்தது. ஈயம் வாரிய பின் எஞ்சும் கனிமக் கசடை மலாயில் ஆமாங் என்பர். அதில் மோனசைட்டு உண்டு. அதிலிருந்து அருமண் தனிமங்களைப் பிரித்தெடுக்க ஏசியன் ரேர் எர்த் என்னும் ஆலை 1982இல் இயங்கத் தொடங்கியது. பிரித்தெடுத்த பின் எஞ்சியது தோரியம் கலந்த சேறு. இவ்விடத்தில் ஒரு சொல் வழக்கே எழுந்தது. அப்பொருள் எதிர்கால எரிபொருள் ஆகக்கூடியது எனக் கருதப்பட்டு, பேராக் மாநிலத்தின் உடைமையாகச் சேமிக்கப்படவேண்டும் என்று திட்டமிடப்பட்டது. ஆலையை அடுத்து வாழ்ந்தோர்க்கோ அது கழிவு. ஒரே சேறு ஏட்டில் வளம், வாசலில் நஞ்சு.

சேறு கொட்டுவதற்குப் பாப்பான் நகரத்தருகே குழிகள் தோண்டப்பட்டபோது 1984இல் அவ்வூரார் எதிர்த்தனர். 1985இல் புக்கிட் மேரா மக்கள் எண்மர் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர்; அவ்வாண்டே இடைக்காலத் தடை கிடைத்தது. 1987இல் உரிமம் வழங்கப்பட்டு ஆலை மீண்டும் இயங்கியது. பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் மலேசிய இயற்கை நண்பர்கள் அமைப்பும் மக்களுக்குத் துணைநின்றன. சங்கத்தின் சட்ட ஆலோசகர் மீனாட்சி ராமன் மக்கள் தரப்பில் வாதிட்டோருள் ஒருவர். 1992 சூலை 11இல் உயர்நீதிமன்றம் மக்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1993 திசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. எனினும் 1994 தொடக்கத்தில் நிறுவனம் ஆலையை மூடுவதாக அறிவித்துவிட்டது. சட்டத்தில் வென்றவர் வெளியேறினர். தோற்றவர் ஊரில் இருந்தனர்.

அவ்வழக்கில் பேசப்பட்ட அலகுகளையும் அளவுகளையும் கேட்டுத் தெளியும் மொழிவளம் அவ்வூர் மக்களிடம் எத்துணை இருந்திருக்கும் என்பதை எண்ணிப்பாருங்கள். கதிரியக்கம் என்பது பொருளின் இயல்பு. கதிர்வீச்சு என்பது அதனின்று வெளிவருவது. விளக்கும் ஒளியும் போல இரண்டும் வேறு. கதிர்வீச்சு பட்டவர் கதிரியக்கம் உடையவராகிவிடுவதில்லை; கதிரியக்கத் துகளை மூச்சிலோ உணவிலோ உட்கொண்டவர்க்கோ அது உள்ளேயே இருந்து வீசிக்கொண்டிருக்கும். இவ்வேறுபாட்டைத் தாய்மொழியில் தெளிவாகச் சொல்ல ஒருவர் இருந்தால் வீண் அச்சம் ஒருபுறம் குறையும். வேண்டிய அச்சம் மறுபுறம் பிறக்கும். இரண்டுமே தேவை. குவாந்தானை அடுத்த கெபெங்கில் 2012 முதல் இயங்கும் அருமண் ஆலை பற்றிய கருத்துமோதலிலும் இதே சொற்கள் மீண்டும் எழுந்தன. மின்னாக்கத்துக்கு அணுவாற்றலை ஆராய 2011இல் அமைந்த கழகம் பின்னர் கலைக்கப்பட்டது. 2025இல் முன்வைக்கப்பட்ட 13ஆவது மலேசியத் திட்டமோ அணுவாற்றலை மீண்டும் ஒரு வாய்ப்பாகக் குறிப்பிடுகிறது. ஆகவே இன்று உங்கள் வகுப்பில் இருப்போர் இதுபற்றிக் கருத்துரைக்கவேண்டிய குடிமக்கள் ஆவர்.

புக்கிட் மேராவின் சேறு இப்போது கிளேடாங் மலைத்தொடரில் புதைக்கப்பட்டுள்ளது. தோரியத்தின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 1400 கோடி ஆண்டுகள். அத்தனை ஆண்டு கழிந்த பின்னும் பாதி எஞ்சியிருக்கும். அரைவாழ்வு நீள நீள அத்தனிமம் நொடிதோறும் வீசும் கதிரின் அளவு குறையும் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். எண்ணைக் கேட்டவுடன் மிரள வேண்டியதில்லை. ஆயினும் இங்கே தோண்டாதே என்னும் செய்தியை எந்த மொழியில், எவ்வெழுத்தில் எழுதி வைப்பது? இது மொழியியலாரின் வினா. அமெரிக்காவில் அணுக்கழிவுப் புதைவிடங்களுக்காக இவ்வினாவை ஆராய்ந்த தாமசு செபியோக்கு, பத்தாயிரம் ஆண்டுகளைக் கடந்து செய்தி சொல்வது எப்படி என்னும் அறிக்கையை 1984இல் அளித்தார். காலந்தோறும் செய்தியைப் புதுமொழியில் பெயர்த்து எழுதிக் கையளித்து வரவேண்டும் என்பது அவர் கூறிய வழிகளுள் ஒன்று.

பத்தாயிரம் ஆண்டு இருக்கட்டும். மதுரையை அடுத்த மாங்குளத்துக் குகைகளில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் நம்மவர் பொறித்த எழுத்துகள் 1882இல் வெளியுலகுக்குத் தெரியவந்தன. அவை தமிழே என்று கே. வி. சுப்பிரமணிய ஐயர் நிறுவ 1924ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வூரார் நாள்தோறும் பார்த்த எழுத்து, அவர்கள் பேசிய மொழி. ஆனாலும் படிப்பார் இல்லை. நம் புக்கிட் மெர்தாஜாமில் செரோக் தோக்கூன் பாறையிலும் பல்லவ எழுத்தையொத்த வரிவடிவில் பழங்கல்வெட்டு ஒன்று இருக்கிறது. புனித அன்னாள் தேவாலய வளாகத்துக்கு வருவோர் வேலிக்குள் அதனைக் காண்கின்றனர். படித்துப் பொருள் சொல்லக்கூடியவர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே.

கதிரியக்கத்தைக் காட்டும் மூவிதழ்ச் சின்னம் 1946இல் கலிபோர்னியாவின் பெர்க்கிலியில் வரையப்பட்டது. அதனைப் பார்ப்பவருள் பலர்க்கு அது எச்சரிக்கை என்பதே விளங்கவில்லை. எனவே பன்னாட்டு அணுவாற்றல் முகமை, உலகத் தரநிர்ணய அமைப்போடு இணைந்து 2007இல் கூடுதல் சின்னம் ஒன்றை வெளியிட்டது. சிவப்பு முக்கோணம், மேலே கதிர் வீசும் மூவிதழ், கீழே மண்டையோடு, அதனருகே அம்புக்குறி காட்டும் பக்கம் ஓடும் ஒரு மனிதன். அதில் எந்த மொழியின் எழுத்தும் இல்லை.